வெங்காய வேரில் எத்தனை குரோமோசோம்?

கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியலோ விலங்கியலோ எடுத்த முதலாமாண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டினால், மைட்டாசிஸ் படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று நான்கு படங்கள். ஒவ்வொன்றிலும் எண்ணி நான்கு குரோமோசோம்கள். பென்சில் கோட்டில் பிசிறே இருக்காது. கீழே ஆசிரியரின் கையெழுத்து. மேலே தலைப்பு: வெங்காய வேர் நுனி. ஆனால் வெங்காயத்தின் வேர்செல்லில் இருப்பவை 16 குரோமோசோம்கள்.

புரிவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று பாடநூல் நான்காகக் குறைத்து வரைகிறது. அதில் தவறில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்த மாணவரும் அதே நான்கை வரைகிறார் என்றால், அவர் பார்த்தது அந்தப் பக்கத்தில் இல்லை. பல்கலைக்கழக உயிரியலின் முதல் பாடமே அங்கே நழுவிப் போகிறது.

அந்தச் சோதனை எவ்வளவு அருமையானது என்பதைச் சொல்லியாக வேண்டும். வெங்காயத்தின் அடியில் காய்ந்து கிடக்கும் பழைய வேர்களைச் சுரண்டிவிட்டு, தண்ணீர் நிரப்பிய குவளையின் வாயில் உட்கார வைத்தால் சில நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். காலையில் நுனிகளை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த கரைசலில் ஒரு நாள் ஊறவைக்க வேண்டும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடு. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பொருள் இளகிக்கொடுக்கும். அசிட்டோகார்மின் சாயம் ஏறியதும் கடைசி இரண்டு மில்லிமீட்டரை மட்டும் ஸ்லைடில் வைத்து, கவர்ஸ்லிப் மூடி, பிளாட்டிங் தாளின் மேல் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தாலும் செல்கள் சுருண்டு பாழாகும். நுனியை விட்டு மேலே வெட்டியவருக்கு நீள நீளமான செல்கள்தான் தெரியும். அங்கே பிரிதல் நடக்காது.

சரியாக வந்த ஸ்லைடிலும் பெரும்பாலான செல்கள் இன்டர்ஃபேஸில்தான் இருக்கும். உட்கருவில் சிவப்புத் திட்டு, அவ்வளவே. நகர்த்தி நகர்த்தித் தேடும்போது ஓரிடத்தில் கயிறுகள் முறுக்கிக் கிடப்பது தெரியும். இன்னோரிடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த குரோமோசோம்கள். பதினாறும் தனித்தனியாக விரிந்த ஒரு செல் கிடைப்பதற்குள் கழுத்து வலித்துவிடும். ஆனால் எந்த நிலையில் நிறைய செல்கள் இருக்கின்றனவோ அந்த நிலைதான் நெடுநேரம் நீடிக்கிறது என்ற உண்மை, இப்படித் தேடியவருக்குத் தானாகவே புரியும். நான்கு படத்தைப் பார்த்து வரைந்தவருக்கு அது தெரிய வழியே இல்லை.

பார்த்ததை நம்பாமல் புத்தகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மனிதக் குரோமோசோம்களின் கதையே சாட்சி. அமெரிக்க விஞ்ஞானி தியோஃபிலஸ் பெயின்டர் முதலில் மிகத் தெளிவான செல்களில் 46-ஐத்தான் கண்டார். தயங்கி, 1923-இல் 48 என்று முடிவு கட்டினார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் 48 என்றன. எண்ணியவர்களுக்கும் 48 வந்தது. ஸ்வீடனில் கருவின் கல்லீரல் செல்களில் எண்ணிய ஒரு குழுவுக்கு 46-தான் கிடைத்தது. மீதி இரண்டு அகப்படவில்லையே என்று அவர்கள் ஆய்வையே கைவிட்டார்கள். 1956-இல் ஜோ ஹின் டிஜியோவும் ஆல்பர்ட் லெவானும்தான் 46 என்று உறுதியாக எழுதினார்கள். இதில் லெவான் 1930-களிலிருந்தே வெங்காய வேர்களைப் பார்த்துப் பழகிய கண் உடையவர். நம் மாணவர்கள் முதல் செமஸ்டரில் கையில் எடுக்கும் அதே வேர்!

நமக்கு இன்னும் அருகிலும் ஒருவர் உண்டு. தலச்சேரியில் 1897-இல் பிறந்த ஈ.கே. ஜானகி அம்மாள், சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை மற்றப் புல்லினங்களோடு கலந்து குரோமோசோம்களை எண்ணியவர். 1945-இல் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களை ஒரே நூலாகத் தொகுத்தார். சென்னையில் படித்த ஒரு பெண்ணின் பெயர் உலகத் தாவரவியலில் நிலைத்தது, இப்படிக் குனிந்து எண்ணியதால்தான். முதலாமாண்டு வகுப்பில் அவர் பெயரைச் சொல்லாமல் குரோமோசோம் பாடம் நடத்துவது எனக்கு ஏற்பில்லை.

இன்று முதலாமாண்டில் வந்து உட்காருகிறவர்களில் பலர் நீட் எழுதிவிட்டு வருகிறார்கள். அந்தத் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் அவர்களுடைய உயிரியல் இதுவரை பழக்கியிருக்கிறது. நினைவாற்றலில் அவர்களுக்குக் குறைவில்லை. விடை அச்சிடப்படாத ஒரு பொருளின் முன் நிற்கும் பழக்கம்தான் வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர் ஆங்கிலப் பாடநூலைக் கண்டு மிரளுகிறார். ஆனால் ஸ்லைடில் கண்டதை வரைய ஆங்கிலம் எதற்கு?

தவளையையும் எலியையும் அறுக்கும் வகுப்புகளை நிறுத்தும் வேலையை 2011-இல் தொடங்கிய பல்கலைக்கழக மானியக் குழு, 2014-இல் முற்றிலும் நிறுத்தச் சொன்னது. அது சரியான முடிவு. அந்த இடத்தைச் சுவர்ப்படங்களும் கணினித் திரையும் மட்டும் நிரப்பினால் போதாது. கல்லூரி வளாகத்திலேயே குளத்துநீரும் எறும்புப் புற்றும் வேலியோரச் செடிகளும் இருக்கின்றன. திருச்சி புனித வளனார் கல்லூரியில் பாதிரியார் கே.எம். மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினேட் ஹெர்பேரியம், நடந்து போய்ப் பறித்து உலர்த்தி எழுதிவைத்த தாவரங்களால் எழுந்தது.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் உட்கார்ந்து அழகாக வரைந்துவரும் ரெக்கார்டுக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது, ஆய்வகத்திலேயே மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் வரைந்த அப்சர்வேஷன் நோட்டுக்குக் கொடுங்கள். கோணலாக இருந்தாலும், குரோமோசோம்கள் பதினொன்றுதான் எண்ண முடிந்தது என்று மாணவர் எழுதியிருந்தாலும், அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள்.