சான்றிதழுக்கு முன்பே பயிற்சி

பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத குழந்தை. "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று பாட்டி சமாதானம் சொல்கிறார். ஆட்டிசம் என்ற சொல்லைப் பெற்றோர் முதன்முதலாகக் கேட்பதற்குள் பல வீடுகளில் ஓரிரு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

அதன் பிறகு போவதற்கு பெங்களூரில் இடம் உண்டு. நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. பேச்சு - மொழி நிபுணர் பிரதிபா காரந்த் 2000-ல் தொடங்கிய 'காம் டீல்' திட்டம், பள்ளி வயதுக்கு முன்பே பயிற்சியை ஆரம்பிக்கிறது. பெற்றோருக்கும் அதில் வேலை உண்டு.

சட்டம்தான் மெதுவாக நடந்தது. 1995-ன் ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. 21 வகை ஊனங்களில் ஒன்றாக இடம் கிடைத்தது 2016-ல்.

இன்று சிக்கல் காகிதத்தில். சலுகைகளுக்கு ஊனச் சான்றிதழ் வேண்டும். 40 அம்சங்களை அலசும் அளவுகோலில் 70 மதிப்பெண் வந்தால் 40 சதவீத ஊனம். சான்றிதழ் இருந்தால் 'நிராமயா' காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை பெறலாம். தெரபி செலவுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கச் சான்றிதழ் தேவையில்லை. பயிற்சிக்குப் பலன் அதிகம் கிடைப்பதோ முதல் ஐந்தாறு வயதுக்குள். இரண்டுக்கும் அலைவது பெரும்பாலும் அம்மாதான். சான்றிதழ் வரிசையில் அப்பா ஒரு நாள் விடுப்பு எடுத்து நின்றால், குழந்தையின் அன்றைய வகுப்பு தவறாது.