கொடிக்கயிறு அல்ல, கூடாரக் கயிறு

விடுமுறை விட்டால் ஊருக்கு ரயில் ஏறுவதுதான் நம்மவர் வழக்கமாக இருந்தது. இப்போது புணேயிலும் மும்பையிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் ராஜ்மாச்சி, பவனா அணைக்கரை என்று டென்ட்டைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறார்கள். சில பெற்றோரும் கூடவே போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் டென்ட்டையும் டார்ச்சையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள், கயிறு என்று வரும்போது பால்கனியில் துணி காயப்போட்ட கொடிக்கயிற்றின் மிச்சத்தை வெட்டிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். ரயில்வே மின்கம்பிப் பிரிவில் வேலை பார்த்தவன் கண்ணுக்கு இதுதான் முதலில் படுகிறது.

முதலில், அது என்ன கயிறு என்று தெரிய வேண்டும். கடையில் "நைலான் தோரி" என்று கேட்டால் பச்சை, நீலம், மஞ்சளில் முறுக்கிய ஒரு கயிற்றை எடுத்துக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் நைலானே அல்ல. பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎதிலீன். விலை மலிவு, எடை குறைவு. ஆனால் பாலிபுரொப்பிலீன் வெயிலுக்கு ஆகாது. நாள்பட வெயிலில் கிடந்தால் நார் நாராகப் பிரிந்து, கையில் தேய்த்தால் தூளாக உதிரும். விறைப்பாக இருப்பதால் முடிச்சும் சரியாக உட்காராது.

இதைக் கண்டுபிடிக்கச் சமையலறையே போதும். கயிற்றிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் பிசைந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, ஒரு தம்ளர் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் வகை. மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். இரண்டில் எது என்று தெரிய, தம்ளர் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்துக்கொண்டே போங்கள். இனிமேல் கரையாது என்று உப்பு அடியில் தங்கும்வரை போட வேண்டும். அந்த உப்புநீரில் நைலான் மிதக்கும், பாலியெஸ்டர் மூழ்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பாலிபுரொப்பிலீன் 0.91, நைலான் 1.14, பாலியெஸ்டர் 1.38; கரையும் மட்டும் உப்பு கரைந்த நீர் ஏறக்குறைய 1.2. ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். வீட்டில் பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம். உறை ஒன்றாகவும் உள்ளிழை வேறாகவும் உள்ள கயிறுகள் உண்டு. அவற்றைத் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

டென்ட்டை இழுத்துக் கட்ட நான் சிபாரிசு செய்வது பாலியெஸ்டர். காரணம் தண்ணீர். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். ஈரமானால் அதன் வலுவும் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். மாலையில் வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டிய கயிறு, பனி பெய்த பின் தொய்ந்து, டென்ட் துணி முகத்தில் வந்து உட்காரும். பாலியெஸ்டர் அவ்வளவாக நீளாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். நம் பெரியவர்களுக்குப் பழக்கமான பருத்தி, சணல் கயிறுகளின் குணம் இதற்கு நேர் எதிர். நனைந்தால் அவை சுருங்கும். ஸ்கவுட் முகாம்களில் இரவு படுக்கும் முன் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி விடச் சொன்னது அதனால்தான். இல்லாவிட்டால் மழையில் கயிறு சுருங்கி முளையைப் பிடுங்கிவிடும். அந்த ஞாபகத்தில் யாராவது இன்று நைலான் கயிற்றைத் தளர்த்திவிட்டுப் படுத்தால், நள்ளிரவில் எழுந்து டார்ச்சைத் தேட வேண்டியதுதான்.

பாராசூட் கயிறு என்று கடைகளில் பெருமையாக விற்பதும் நைலானே. பின்னிய உறைக்குள் ஏழு உள்ளிழைகள். அசல் சரக்கு சுமார் 4 மி.மீ. தடிமன், 250 கிலோ தாங்கும். 1997-இல் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்கப் போன விண்வெளி வீரர்கள்கூட அதைப் பயன்படுத்தினார்கள். மூட்டை கட்ட, அறுந்த பையைத் தைக்க உத்தமம். டென்ட்டுக்கு அது சற்றுத் தடிமன், நீளவும் செய்யும். இன்னொரு பக்கம் டைனீமா என்ற மிக மெல்லிய, மிக வலுவான கயிறு வந்திருக்கிறது. விலை அதிகம், வழுக்கும், சாதாரண முடிச்சு அதில் நழுவும். வெப்பமும் ஆகாது, 150 டிகிரிக்குள் உருகிவிடும். மலையில் நாள் கணக்காக நடப்பவர்கள் வாங்கட்டும். சனி, ஞாயிறு போய் வருகிறவர்களுக்குத் தேவையில்லை.

ஆக, 3 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர், 20 மீட்டர். எடை 150 கிராமுக்குள் அடங்கும். நிறம் மட்டும் பளிச்சென்று இருக்கட்டும். காட்டோடு கலக்கும் பச்சையும் பழுப்பும் வாங்கினால் இருட்டில் ஒவ்வொருவராகத் தடுக்கி விழுவார்கள். டார்ச் வெளிச்சத்தில் மின்னும் இழை சேர்த்துப் பின்னியது கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டு மரங்களுக்கு இடையே கயிறு கட்டும் விஷயத்தில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். ரயில் பாதைக்கு மேல் போகும் மின்கம்பி நேராக நிற்பதுபோல் தெரிகிறதே, அதற்காக ஒவ்வொரு கம்பியையும் வழக்கமாக 1,000 கிலோ விசையில் இழுத்து வைத்திருப்போம். கம்பத்தோரம் தொங்கும் எடைக்கட்டிகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. தொய்வே இல்லாத கம்பிக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டும். உங்கள் கயிற்றுக்கும் இதே கணக்கு. நாலு மீட்டர் தள்ளி நிற்கும் இரு மரங்களுக்கு இடையே கட்டி, நடுவில் 5 கிலோ சாப்பாட்டுப் பையைத் தொங்கவிடுகிறீர்கள். நடுவில் 40 செ.மீ. தொய்வு இருந்தால் கயிற்றில் ஏறும் இழுவிசை சுமார் 13 கிலோ. தொய்வு 10 செ.மீ. தான் என்றால் 50 கிலோ. பை அதே பைதான்! அழகுக்காக விறைப்பாகக் கட்டாதீர்கள், தொய்ய விடுங்கள்.

அடுத்தது முடிச்சு. எந்த முடிச்சானாலும் கயிற்றின் வலுவைக் குறைக்கும்; சிலவற்றில் பாதி போய்விடும். மரத்தைச் சுற்றி இறுகாத கண்ணிக்கு போலைன், முளைப் பக்கம் டாட்லைன் ஹிட்ச், இரண்டும் கற்றால் போதும். பின்னது மிகவும் உபயோகமானது. முளையைச் சுற்றி வந்த நுனியை, நீண்டு நிற்கும் கயிற்றின் மேல் முளைப் பக்கமாக உள்ளே இரண்டு சுற்று, அதைத் தாண்டி வெளியே அதே திசையில் ஒரு சுற்று சுற்றி இறுக்குங்கள். கையால் தள்ளினால் முடிச்சு நகரும், கயிறு இழுத்தால் நகராது. நடு இரவில் தொய்ந்தால் அவிழ்க்காமலே இறுக்கலாம்.

சஹ்யாத்ரிக் கோட்டைகளின் மேல் பல இடங்களில் மண் நாலு விரல் ஆழம்கூட இருக்காது, கீழே கரும்பாறை. முளை இறங்காது. கயிற்றின் கண்ணியில் ஒரு தடித்த குச்சியைக் கோத்துக் கிடத்தி, குச்சிக்கு முன்னால் டென்ட் பக்கமாகப் பெரிய கல்லை வையுங்கள். குச்சி கல்லில் தடுத்து நிற்கும். கயிறு கல்லின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய சாக்ஸ் ஒன்றைச் சுற்றி வைக்கவும். அந்தப் பாறையின் விளிம்பு அரிவாள்மணை மாதிரி அறுக்கும்.

முக்கியமான ஒன்று. மலையில் பையன்கள் இந்தக் கயிற்றை இடுப்பில் கட்டிப் பாறை இறங்குவதும், ஓடையைக் கடக்கப் பிடிகயிறாகக் கட்டுவதும், குழந்தைக்கு ஊஞ்சல் போடுவதும் நடக்கிறது. "அங்கிள், 180 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு, நான் அறுபதுதானே" என்பார்கள். மலையேற்றத் துணைக்கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரமே 3 மி.மீ. கயிற்றுக்கு ஏறத்தாழ 180 கிலோவைத்தான் குறைந்தபட்ச வலுவாகக் கேட்கும் கணக்கு. ஆனால் அது புதுக் கயிறு, முடிச்சில்லாமல், மெதுவாக இழுத்து அறுந்த எடை. முடிச்சில் பாதி போனால் மீதி 90. கல் விளிம்பு, பழைய வெயில் என்று இன்னும் கழியுங்கள். அறுபது கிலோ ஆள் ஒரு மீட்டர் வழுக்கி, நீளாத கயிறு 10 செ.மீ. தூரத்தில் அவனை நிறுத்தினால், கயிற்றில் விழும் சராசரி விசை 660 கிலோ! சரக்கு தூக்கும் கம்பிக் கயிற்றுக்கே நாங்கள் ஐந்தாறு மடங்கு வலு வைப்போம். ஆளை ஏற்றும் லிஃப்டுக்குப் பத்து மடங்குக்கும் மேல். மலையேறுகிறவர்களின் பிரதானக் கயிறு 9, 10 மி.மீ. தடிமனில், விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி தனியாகச் செய்தது. கூடாரக் கயிற்றில் எந்தக் காரணத்துக்காகவும் மனித எடை ஏறக் கூடாது. பெற்றோர்கள் இதைப் புறப்படும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஓடும் நைலான் கயிறு, நிற்கும் நைலான் கயிற்றின் ஒரே இடத்தில் உரசினால், அந்தச் சூட்டிலேயே நிற்கும் கயிறு உருகி அறுந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. கயிற்றின் மேல் கயிறு ஓடும்படி எதையும் கட்டாதீர்கள்.

வெட்டிய நுனியை மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் உருகிக் கட்டியாகும், பிரியாது. கையால் மட்டும் உருட்டாதீர்கள். உருகிய பிளாஸ்டிக் தோலோடு ஒட்டிக்கொள்ளும். திரும்பும்போது எல்லாக் கயிறையும் அவிழ்த்து எடுத்து வாருங்கள். விட்டுவந்த துண்டு மக்காது. மாடு மேயும் இடத்தில் அது விஷம். பந்தாகச் சுருட்டாமல், கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே எட்டுப் போட்டுச் சுற்றி, நடுவில் நாலு சுற்றுச் சுற்றி முடிந்தால் அடுத்த முறை சிக்கல் இல்லாமல் பிரியும். வீடு வந்ததும் நிழலில் உலர்த்துங்கள். பையில் வைக்கும்போது டார்ச் இருக்கும் மேல் பாக்கெட்டில் வையுங்கள். மழையில் நின்றுகொண்டு பையின் அடிவரை கைவிட்டுத் தேட வேண்டாம்.