கருகல் நாற்றம்

நாற்றம் என்னும் சொல் பண்டு நறுமணத்தையும் குறித்தது. ஆயினும், சென்ற கோடையில் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குக் காரில் வருகையில், சமயநல்லூருக்கு அருகே எம் மூக்கை எட்டியது இக்காலப் பொருளில் நாற்றமே. ஏதோ கருகியது.

ஓட்டுநர் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எங்களை இறக்கினார். முன்மூடியின் இடுக்கில் புகை கசிகிறதா என்று முதலில் நோக்கினார். கசிந்தால் மூடியைத் திறத்தல் ஆகாது. காற்றுப் புகுந்து தீ வளரும். புகை இல்லை. மின்கம்பியின் உறை கருகினால் பிளாஸ்டிக் தீயும் நெடி எழும்; சுடுகின்ற புகைக்குழாயில் எண்ணெய் சொட்டினால் எண்ணெய் காந்தும் வாடை வரும். இது இரண்டும் அன்று. பின்சக்கரத்தை நெருங்க நெருங்க நாற்றம் மிகுந்தது. தொடாமல் புறங்கையை அருகே நீட்டினார், அனல் அடித்தது.

வாடிப்பட்டியில் இளநீர் பருக நிறுத்தியபோது இழுத்த கைபிரேக்கை அவர் முழுவதும் தளர்த்தவில்லை!

மாணவர்களே, பிரேக்கு என்பது உராய்வினால் வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. அதன் பட்டை ஓயாது உராய்ந்தால், வெப்பம் ஆற வழியின்றிப் பெருகும், பட்டை கருகும். பிரேக்கு எண்ணெயும் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றலாம். திரவம் அழுத்தத்தால் சுருங்காது, ஆவியோ சுருங்கும். ஆகவே மிதியை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நில்லாது. அஞ்சவேண்டியது இதனையே.

என் பேரன் நீர் ஊற்ற ஓடினான். ஓட்டுநர் தடுத்தார், சுடும் இரும்பு சட்டெனக் குளிர்ந்தால் விரிசல் காணும். புளியமர நிழலில் அரைமணி நேரம் காத்திருந்தோம். பின்னர் மிதியைப் பலமுறை மிதித்துப் பார்த்து, மெல்ல ஓட்டி, மதுரையில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம்.