கோழித் தீவனத்தில் ஒரு கணக்குப் புதிர்

ஒரு கிராம் கொழுப்பைக் கலோரிமானியில் முழுவதும் எரித்தால் சுமார் 9.4 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். அதே கொழுப்பைக் கோழி தின்றால், இதைவிடக் கூடுதலான ஆற்றல் அதற்குக் கிடைக்குமா? ஆற்றல் அழிவின்மை விதியைப் படித்திருக்கும் நீங்கள் 'முடியவே முடியாது' என்பீர்கள். ஆனால் முட்டைக் கோழிகளின் தீவனத்தில் கொழுப்பைச் சேர்த்து அளந்த ஆராய்ச்சியாளர் சிலருக்கு அந்த அளவையும் தாண்டிய விடைகள் கிடைத்தன! விதி பொய்த்துவிட்டதா?

இல்லை. அளவிடும் முறையைப் பாருங்கள். தின்ற தீவனத்தின் ஆற்றலிலிருந்து எச்சத்தில் வெளியேறிய ஆற்றலைக் கழிக்கிறார்கள். கொழுப்பு சேர்த்த தீவனம், சேர்க்காத தீவனம் இரண்டுக்கும் இவ்வாறு கணக்கிட்டு, வேறுபாடு முழுவதையும் கொழுப்பின் பெயரில் எழுதிவிடுகிறார்கள். தீவனத்தின் மற்றப் பொருள்கள் முன்போலவே செரிக்கும் என்று நாம் சொல்லாமலே வைத்துக்கொண்ட ஓர் அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. அதுதான் தவறு.

1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாட்டியோஸ், செல் என்னும் அறிஞர்கள் இதை ஆராய்ந்தனர். கொழுப்பு மிகுந்தால் தீவனம் கோழியின் உணவுப் பாதையைக் கடக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்று கண்டனர். சாதாரணமாகக் கோழி தின்றதில் செரிக்காத பகுதி சில மணி நேரத்திலேயே வெளிவரத் தொடங்கிவிடும். கொழுப்பு முன்சிறுகுடலை எட்டியதும், இரைப்பை தன்னிடம் உள்ளதை மெதுவாகவே கீழே அனுப்புகிறது. அதனால் மாவுப்பொருளும் புரதமும் செரிமான நீர்களுடன் கூடுதல் நேரம் கலந்திருக்கின்றன. வீணாகியிருக்க வேண்டியதில் ஒரு பகுதி உடலில் சேர்கிறது. மக்காச்சோளம் தந்த வரவு கொழுப்பின் கணக்கில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்!

சரி, கொழுப்பு எப்படிச் செரிக்கிறது? எண்ணெய் நீரில் கலப்பதில்லை அல்லவா? பித்தநீர் அதை நுண்துளிகளாக உடைக்கிறது. 1 செ.மீ. விட்டமுள்ள துளி, 1 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாகப் பிரிந்தால் மொத்தப் பரப்பு 10,000 மடங்காகும். (ஒரு தாளில் கணக்கிட்டுச் சரிபாருங்கள்.) கணையநீரின் நொதி தாக்குவதற்கு அவ்வளவு இடம் கிடைக்கிறது.

ஆனால் எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். எண்ணெய்களில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் சுமார் 13 டிகிரியிலேயே உருகும். மாட்டுக் கொழுப்பில் கணிசமாக உள்ள ஸ்டியரிக் அமிலத்துக்கோ ஏறக்குறைய 69 டிகிரி வேண்டும். இரண்டில் எது எளிதில் செரிக்கும் என்று ஊகித்திருப்பீர்கள்.

முட்டைக் கோழிக்கு வேறொரு தொல்லையும் உண்டு. ஒவ்வோர் ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை என்பதால், நாமக்கல்லானாலும் அயோவாவானாலும் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். ஸ்டியரிக் போன்ற அமிலங்கள் குடலில் இந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, நீரில் கரையாத சோப்பாகிவிடும். கொழுப்பும் நட்டம், கால்சியமும் நட்டம். ஆகவே பண்ணைக்காரர் கொழுப்பு எத்தனை கிலோ என்பதோடு எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சோப்பை நீங்களே காணலாம். சலவைத் தூள் வேண்டாம்; சாதாரணச் சோப்பை நீரில் கரைத்து, பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது ஊற்றுங்கள். நுரை அடங்கி, வெண்மையான திரிதிரியான பொருள் மிதக்கும்.