ஆணுறுப்பு புற்றுநோய்: உறுப்பைக் காக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு தாம்பத்தியம் சாத்தியமா?

ரயிலில் டெல்லிக்குள் நுழையும்போது தண்டவாளத்தை ஒட்டிய சுவர்களைக் கவனித்திருப்பீர்கள். ‘குப்த் ரோக்’, அதாவது ரகசிய நோய் என்று இந்தியில் பெரிய எழுத்து, கீழே ஒரு போன் நம்பர். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் ‘ஆண்மைக் குறைவா?’ என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அதே கதைதான். ஆண்களின் அந்தரங்கப் பிரச்னையை நாம் சுவருக்கு விட்டுவிட்டோம். ஆணுறுப்பில் வரும் புற்றுநோயில் இந்த ரகசியத்துக்குக் கொடுக்கும் விலை ரொம்ப அதிகம்.

இது அரிய நோய்தானே?

உலக அளவில் அரிதுதான். 2020-ல் உலகம் முழுக்க சுமார் 36,000 பேருக்கு இது புதிதாக வந்ததாக சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. அதில் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். பின்னால் தள்ள முடியாதபடி இறுகிய முன்தோல், அதனடியில் சேரும் அழுக்கு, ஹெச்பிவி வைரஸ், புகையிலை ஆகியவை முக்கியக் காரணங்கள்.

ஆறாத புண், சின்னக் கட்டி, நிறமாற்றம், முன்தோலுக்கு அடியில் கசிவு, துர்நாற்றம். இப்படித்தான் தொடங்கும். பெரும்பாலும் வலி இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு கிரீம் வாங்கித் தடவிக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுகிறோம்.

‘காக்கும்’ ஆபரேஷன் என்றால்?

முன்பு கட்டியைச் சுற்றி 2 செ.மீ. நல்ல திசுவையும் சேர்த்து வெட்டுவது வழக்கம். சிறிய உறுப்பில் 2 செ.மீ. என்றால் பாதி போய்விடும். சில மில்லிமீட்டர் விளிம்பே பலருக்குப் போதும் என்று பின்னால் தெரியவந்தது. எனவே ஆரம்ப நிலையில், முன்தோலை மட்டும் நீக்குவது, லேசர், கட்டியை மட்டும் எடுப்பது, மொட்டின் மேல்தோலை உரித்துவிட்டுத் தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டுவது, தேவைப்பட்டால் மொட்டை மட்டும் நீக்குவது எனப் பல வழிகள் இருக்கின்றன.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. முழுதாக வெட்டுவதைவிட, இதில் அதே இடத்தில் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மறுபடி சிகிச்சை செய்யலாம். ஆயுள் பெரும்பாலும் குறைவதில்லை. அதனால் முதல் 2 வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை செக்-அப் கட்டாயம். தொடை இடுக்கில் நெறி கட்டினால் அடுத்த செக்-அப் வரை காத்திருக்காதீர்கள்.

சரி, விறைப்பு வருமா?

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. விறைப்பைத் தருவது உறுப்பின் தண்டுக்குள் இருக்கும் பஞ்சு போன்ற திசுக்கள். மொட்டை நீக்கினாலும் அவை மிஞ்சுகின்றன. எனவே பலருக்கு விறைப்பு திரும்புகிறது. உச்சமும் விந்து வெளியேற்றமும் பெரும்பாலும் தொடரும். விதைகளை இந்த ஆபரேஷன் தொடுவதில்லை. குழந்தைப் பேற்றுக்கான வழியும் அடைபடுவதில்லை.

மாறுவது உணர்ச்சி. ஒட்டிய தோலுக்கு மொட்டின் கூருணர்வு வராது. நீளம் கொஞ்சம் குறையலாம். சிறுநீர் சிதறலாம். தொடை இடுக்கிலும் ஆபரேஷன் நடந்திருந்தால் கால் வீங்கலாம். ஆனால் பலரைப் படுத்துவது உடல் அல்ல, மனசு: “இனி நான் ஆம்பளையா?” என்ற கேள்வி. இதற்குக் கவுன்சலிங்கும் சிகிச்சையின் பகுதிதான். சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு உதவும். டாக்டர் சொல்லாமல் எடுக்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு அது ஆபத்து.

புண் முழுதாக ஆறி, டாக்டர் ஓகே சொன்ன பிறகே உறவு. அதுவரை தொடுதல், அணைப்பு, பேச்சு எதற்கும் தடையில்லை.

துணைக்குத் தொற்றுமா?

புற்றுநோய் தொற்றாது. ஹெச்பிவி தொற்றும். எனவே மனைவியோ காதலியோ கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆபரேஷனுக்கு முன்பே அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பயப்படுவது மேல்.

டெல்லியில் எங்கே போவது?

எய்ம்ஸ் வளாகத்தில் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருக்கிறது. எதிரிலேயே சஃப்தர்ஜங். ரோஹிணியில் ராஜீவ் காந்தி புற்றுநோய் மையம். முதலில் யூராலஜி ஓபிடி போதும். இந்தியில் இதைச் சொல்ல நாக்கு எழவில்லையா? நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். டாக்டருக்கு இது தினசரி வேலை.

ஆபரேஷனுக்கு முன்பே இந்த நான்கையும் கேட்டுடுங்க:

• பயாப்சியில் என்ன நிலை? உறுப்பைக் காக்க முடியுமா?
• எவ்வளவு எடுப்பீர்கள், எவ்வளவு மிஞ்சும்?
• எப்போது உறவு கொள்ளலாம்? உணர்ச்சி எப்படி மாறும்?
• பாலியல் கவுன்சலிங் இங்கேயே கிடைக்குமா?

“ஆபரேஷன்னா எல்லாம் போயிடும்” என்று பயந்துதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடுவதால்தான் கட்டி ஆழமாகி, காப்பாற்றியிருக்கக்கூடிய உறுப்பையும் வெட்ட வேண்டி வருகிறது. மூன்று, நான்கு வாரத்தில் ஆறாத புண் இருந்தால் அடுத்த கிரீமை வாங்க வேண்டாம். ஓபிடி டோக்கன் எடுங்கள்.