ஒரே ஓர் ஆட்டம்

பந்தாடும் பெண்கள் – 9

இந்தியப் பெண்கள் லீக்கை வெல்லும் கிளப்புக்குத்தான் ஆசிய கிளப் போட்டியில் ஆட வழி கிடைக்கிறது. அந்த வழியில் நம் மாநிலத்துக் கிளப் ஒன்று எவ்வளவு தூரம் போனது என்பதை இந்த வாரம் சொல்கிறேன்.

2022 மே 26, புவனேஸ்வர். மதுரையின் சேது எஃப்.சி.யும் கேரளத்தின் கோகுலமும் லீக்கின் கடைசி ஆட்டத்தில் மோதின. இரண்டு அணிகளும் அதுவரை ஆடிய பத்து ஆட்டங்களையும் வென்றிருந்தன. கோல் கணக்கில் முன்னால் இருந்த கோகுலத்துக்கு டிரா போதும். சேது ஜெயித்தே ஆக வேண்டும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ரேணு கோல் அடித்தார், சேது முன்னிலை. பிறகு பெனால்டியில் கோகுலத்தின் ஆஷாலதா தேவி சமன் செய்தார். எல்ஷடாய் ஒன்று, மனிஷா கல்யாண் ஒன்று. இடைவேளைக்கு முன்பே கோகுலம் 3-1. கடைசிவரை அதே கணக்குதான்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2019 மே மாதம், லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி இந்திய சாம்பியன் ஆனதும் இதே சேதுதான். கடலூர் இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடினார்; தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே நடுக்களத்தில் ஆடியவர். அந்த ஆண்டு நவம்பரில்தான் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு பெண்கள் கிளப்புகளுக்கான முதல் போட்டியைத் தென்கொரியாவின் யோங்கின் நகரில் சோதனையாக நடத்தியது. ஜப்பான், தென்கொரியா, சீனா, ஆஸ்திரேலியா என நான்கு நாட்டுக் கிளப்புகளை மட்டுமே அழைத்தார்கள். சேது பட்டம் வென்ற ஆண்டில் இந்தியாவுக்கு அங்கே இடம் இல்லை.

2022இல் சேதுவைத் தாண்டிப்போன கோகுலத்துக்கு நடந்தது இன்னும் கொடுமை. முந்தைய ஆண்டு ஆசியப் போட்டிக்காக ஜோர்டானின் அகாபாவில் ஆடி, உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என்று வென்ற அணி அது. இந்த முறை நல்ல நம்பிக்கையோடு தாஷ்கண்ட் போய் இறங்கினார்கள். இறங்கிய கையோடு செய்தி வந்தது: இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்துவிட்டது. சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பது காரணம். ஆகஸ்ட் 23இல் சோக்தியானாவோடும் 26இல் ஈரானின் பாம் காத்தூனோடும் ஆட வேண்டியவர்கள் விடுதியில் காத்துக் கிடந்தார்கள். பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, ஆடாமலே ஊர் திரும்பினார்கள். தடையை நீக்கியதாக ஃபிஃபா அறிவித்த தேதி ஆகஸ்ட் 26. அலுவலக அறைகளில் நடந்த சண்டைக்கு, அதில் எந்தப் பங்கும் இல்லாத பெண்கள் தண்டனை அனுபவித்தார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

அந்த வாரத்திலேயே ஆகஸ்ட் 18 அன்று, கோகுலத்தை விட்டு சைப்ரஸின் அப்பொல்லோன் கிளப்புக்குப் போயிருந்த மனிஷா கல்யாண் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் களமிறங்கினார். அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

2024இல் ஆசியப் போட்டி சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறிப் பெரிதானது. இந்திய லீக்கை வென்றிருந்த ஒடிசா எஃப்.சி. ஜோர்டானில் நடந்த முதல்கட்டத்தில் சிங்கப்பூர், ஜோர்டான் கிளப்புகளை வென்று மேலே போனது. அடுத்த கட்டத்தில், ஹோ சி மின் நகரில் ஜப்பானின் உராவா ரெட்ஸ் அந்த அணிக்குப் போட்ட கோல்கள் 17. ஒடிசா ஒன்றும் போடவில்லை. நம் பெண்களைக் கேலி செய்ய இந்த எண்ணை எடுப்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2023–24 பருவத்தில் இந்திய லீக்கில் ஒடிசா ஆடியது 12 ஆட்டம். ஜப்பான் லீக்கில் ஒவ்வொரு கிளப்புக்கும் 22 ஆட்டம், அதற்கு மேல் கோப்பைப் போட்டிகள் தனி. 2019இல் சேது பட்டம் வென்றபோது லீக்கின் இறுதிக்கட்டமே மூன்று வாரத்துக்குள் முடிந்துபோனது. ஆட்டம் கிடைக்காத காலுக்கு ஆட்டம் எங்கிருந்து வரும்?

ஆடக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை 2025 நவம்பரில் சீனாவின் வூஹானில் ஈஸ்ட் பெங்கால் காட்டியது. கோகுலத்துக்கு ஆடக் கிடைக்காமல் போன அதே பாம் காத்தூனை 3-1 என்று வென்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றதால் காலிறுதிக்குப் போக முடியவில்லை. ஆனாலும் அந்த வெற்றி வெற்றிதான்.

நான் இதைத் திருவண்ணாமலையில் இருந்து எழுதுகிறேன். பௌர்ணமி இரவில் பெண்கள் கூட்டம் கூட்டமாக 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊர் இது. ஒரு நடுக்கள ஆட்டக்காரர் தொண்ணூறு நிமிடத்தில் பத்து கிலோமீட்டர் போல ஓடுகிறார். பெண்களின் கால்களுக்குத் தெம்பில்லை என்று இந்த ஊரில் நின்றுகொண்டு யாரும் சொல்லிவிட முடியாது.

இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் கடலூர். இந்துமதியும் பண்ருட்டிப் பக்கத்து சந்தியா ரங்கநாதனும் வந்த மாவட்டம் அது. 2023இல் அகமதாபாத்தில் கிக்ஸ்டார்ட் அணியை 5-0 என்று வென்று கோகுலம் மறுபடியும் சாம்பியன் ஆன இறுதியாட்டத்தில் இருவருமே கோல் அடித்தார்கள். கடலூர் மண்ணில் தனி விசேஷம் எதுவும் இல்லை. அங்கே இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி இருந்தது. பெண் பிள்ளைகளுக்குத் தினமும் பந்தைக் கொடுத்து ஆட வைத்த மாரியப்பன் என்ற பயிற்சியாளர் இருந்தார். 2017–18 லீக்கில் அந்த அகாடமியே ஓர் அணியாக ஆடியது.

செங்கத்திலும் போளூரிலும் ஆரணியிலும் வந்தவாசியிலும் இந்தத் தொடரைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் படிக்கும் பள்ளியில் பெண்களுக்குக் கால்பந்து அணி இருக்கிறதா, மாலையில் மைதானம் அவர்களுக்கும் கிடைக்கிறதா என்று அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இல்லை என்றால், கிடைக்கும்வரை கேளுங்கள்.

(தொடரும்)