சபையர் தியேட்டருக்குக் கீழே ஒரு குரல்

உஷா உதுப் பற்றி ஒரு கட்டுரை என்றதும் ஆசிரியர் குழுவில் எல்லோருக்கும் காஞ்சிபுரம் பட்டும் அகலப் பொட்டும்தான் நினைவுக்கு வந்தன. "படம் பிரமாதமா வரும் சார்" என்றார்கள். வரும்தான். பட்டு பார்டர் வைத்துத் தைத்த கேன்வாஸ் ஷூ, பொட்டின் நடுவில் கொல்கத்தாவுக்காக ஒரு வங்காள ‘க’, தலைநிறையப் பூ, கைநிறைய வளையல். அட்டைப்படத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் 1969-ல் சென்னையில் அவர் முதன்முதலாக கிளப் மேடை ஏறியபோது அந்தப் புடவைக்குப் பின்னால் எந்த யோசனையும் இல்லை. தமிழ்க் குடும்பத்துப் பெண் நாலு பேர் கூடும் இடத்துக்கு எதைக் கட்டிக்கொண்டு போவாளோ அதைக் கட்டிக்கொண்டு போனார். கவுன் போட்ட பாடகிகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது அதிசயமாகிவிட்டது. புடவைக் கதை இதோடு சரி. அவர் போன இடத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

மவுண்ட் ரோடு சபையர், எமரால்டு, ப்ளூ டயமண்ட் வளாகத்தை அறுபது வயதைத் தாண்டிய சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ப்ளூ டயமண்டில் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து, எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், ஏ.சி. காற்றுக்காகவே டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. அதே வளாகத்தின் அடித்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்று ஒரு சின்ன நைட் கிளப் இருந்தது பலருக்குத் தெரியாது. மதுவிலக்கு அமலில் இருந்த ஊரில் நைட் கிளப்! வந்தவர்கள் பாட்டைக் கேட்டே கிறங்க வேண்டியிருந்தது. அங்கே இருபதைத் தாண்டிய ஒரு பம்பாய்ப் பெண் பாடினாள். கூட்டம் விடவில்லை. கிளப் முதலாளி ஒரு வாரம் இருந்து பாடிவிட்டுப் போகச் சொன்னார்.

அந்தக் குரலுக்கு அதற்கு முன் கிடைத்த மரியாதை வேறு மாதிரி. 1947 நவம்பரில் பம்பாயில் பிறந்தவர். வீட்டில் ரேடியோ ஓயாது; இந்துஸ்தானியும் மேற்கத்திய இசையும் ரேடியோ சிலோனும் மாறிமாறி ஒலித்த வீடு. பள்ளிக்கூடத்திலோ பாட்டு வகுப்புக்கு இந்தக் குரல் ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். தட்டுவதற்கு ஏதோ ஒரு தாளக் கருவியைக் கையில் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார்கள். கர்நாடக சங்கீதமோ இந்துஸ்தானியோ முறையாகப் படித்தவரும் இல்லை.

குரலில் குறை ஏதும் இல்லை. கட்டைதான் பிரச்சினை. நம் ஊரில் பெண் என்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டை சுருதி. இந்தி சினிமாவில் அதற்கும் மேலே போய், மெல்லிசான உச்சக் குரல்தான் கதாநாயகியின் குரல் என்று ஆகியிருந்த காலம். சினிமாவில் பாட்டு முதலில் பிறக்கும், அதற்கேற்ற குரலைப் பிறகு தேடுவார்கள். எட்டினால் வாய்ப்பு, எட்டாவிட்டால் அடுத்த ஆள். கிளப்பில் இது தலைகீழ். பாடகிக்கு எந்தச் சுருதி வசதியோ அதற்குப் பாட்டை இறக்கி வாசிப்பது பேண்டின் வேலை. ஆண் பாடிய பாட்டா, பெண் பாடிய பாட்டா என்ற கேள்வியே அங்கே இல்லை. மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழ்ஸ்தாயியில் பேசுகிற மாதிரிப் பாடினால், மூலையில் உட்கார்ந்து கட்லெட் சாப்பிடுகிறவருக்கும் அது தனக்கென்றே பாடியதாகத் தோன்றும். உஷாவின் குரலுக்கு அப்படி ஓர் அறை தேவைப்பட்டது.

சென்னைக்குப் பிறகு கொல்கத்தா, பார்க் ஸ்ட்ரீட். டிரிங்காஸ், ப்ளூ ஃபாக்ஸ், மொகாம்போ என்று அந்த ஒரே தெருவில் வரிசையாக உணவகங்கள். சாயங்காலமானால் ஒவ்வொன்றிலும் ஒரு பேண்ட், ஒரு பாடகி. டிரிங்காஸில் உஷா நிரந்தரமானார். தன் வருங்காலக் கணவரைச் சந்தித்ததும் அங்கேதான். தினமும் பாட வேண்டும் என்றால் அதன் பொருள் என்ன என்று இன்றைய பாடகர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். தொண்டை கட்டினாலும் பாட வேண்டும். மேஜையிலிருந்து துண்டுச்சீட்டில் ஒரு பாட்டின் பெயர் வரும். தெரியாது என்று எத்தனை தரம் சொல்ல முடியும்? கரண்டிச் சத்தத்துக்கும் பில் தகராறுக்கும் நடுவே ஒருவரைத் தலைநிமிர வைக்க வேண்டும். பல மொழிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவரவர் மொழியில் ஒரு பாட்டாவது வேண்டும். பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் அவர் பாடுகிறார் என்று வியக்கிறோமே, அதன் விதை இந்தத் துண்டுச்சீட்டுகளில்தான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

சினிமா அவரைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது வழக்கம். டெல்லி ஓட்டல் ஒன்றில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது சினிமாக்காரர்கள் கேட்டார்கள், அவ்வளவே. 1970-ல் ‘பாம்பே டாக்கீ’, அடுத்த வருஷம் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’. பிறகு ஆர்.டி.பர்மன், பப்பி லஹரி, ‘ஷான்’, ‘அர்மான்’, ‘டிஸ்கோ டான்ஸர்’. எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தமிழில் 1975-ல் வந்த ‘மேல்நாட்டு மருமகள்’, 1990-ல் ‘அஞ்சலி’. ‘அஞ்சலி’யில் இளையராஜா இசையில் ‘வேகம் வேகம்’ பாடிய அந்தக் கனத்த குரலை அன்றைய பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் நம் இசையமைப்பாளர்கள் அவரை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே பயன்படுத்தினார்கள். கிளப் பாட்டு என்றால் நமக்கு எல்.ஆர்.ஈஸ்வரி போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலும். இந்தியிலும் அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருது வந்தது 2012-ல்தான், ‘7 கூன் மாஃப்’ படத்துக்காக; அதையும் இன்னொரு பாடகியோடு பகிர்ந்துகொண்டார். சினிமாவை மட்டும் நம்பியிருந்தால் அவர் கதை எழுபதுகளிலேயே முடிந்திருக்கும்.

நடுவில் எண்பதுகளில், இவர் பாட்டு பண்பாட்டைக் கெடுக்கிறது என்று வங்காளத்தில் ஒரு சர்ச்சை கிளம்பி, அரங்குக் கதவுகள் மூடப்பட்டன. கோர்ட்டுக்குப் போய் வென்று வந்து மறுபடி பாடினார். கென்யாவுக்குப் போய் சுவாஹிலியில் பாடி கௌரவக் குடியுரிமை வாங்கியது, 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண் என்று வரிசை நீளும்.

என் கவலை வேறு. சபையர் வளாகம் தொண்ணூறுகளில் மூடி, இடித்து, காலியிடமானது. பார்க் ஸ்ட்ரீட் இசை அதற்கு முன்பே தேய ஆரம்பித்தது. உணவகத்தில் பாட்டு வைத்தால் பொழுதுபோக்கு வரி, ஊரின் அரசியல் கொந்தளிப்பு, இடம்பெயர்ந்த கம்பெனிகள், பிறகு ஸ்பீக்கரில் கேசட் போட்டால் போதும் என்ற சிக்கனம். பாடகி போனாள், பியானோக்காரர் போனார், டிரம்ஸ்காரர் போனார். சென்னையிலும் நட்சத்திர ஓட்டல்களில் தினசரி பேண்ட் இருந்த இடத்தில் இப்போது லேப்டாப்பும் மைனஸ் ட்ராக்கும். கல்யாண ரிசப்ஷன்களில்கூட ஆர்கெஸ்ட்ரா சுருங்கி, கீபோர்டு ஒன்றும் ரிதம் பேட் ஒன்றுமாக நிற்கிறது. ட்ராக் யாருக்காகவும் இறங்கி வராது. அந்த நேரத்தில் கூட்டம் கைதட்டிக் கேட்டாலும் ஒரு சரணத்தை நீட்டிப் பாட வழியில்லை. பாடுகிறவர்தான் இயந்திரத்தின் பின்னால் ஓட வேண்டும்.

டிவி போட்டிகளும் யூடியூபும் வாய்ப்பை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டன என்பார்கள். கொண்டுவரட்டும், நல்லதுதான். ஆனால் அங்கே பத்து நாள் பயிற்சி செய்த ஒரு பாட்டை, அமைதியான அரங்கில், ஒரே ஒரு முறை பாடினால் போதும். கேட்கிற மனமே இல்லாதவர்களைக் கேட்க வைக்கும் வித்தை அதில் எப்படி வரும்?

2024-ல் உஷா மறுபடி டிரிங்காஸில் நின்று மைலி சைரஸின் ‘ஃப்ளவர்ஸ்’ பாடிய வீடியோ பரவியது. எழுபத்தாறு வயதில் என்ன தெம்பு என்று எல்லோரும் பகிர்ந்தார்கள். எனக்கு வயது பெரிதாகப் படவில்லை. அமெரிக்கப் பெண்ணின் பாட்டைத் தன் கட்டைக்கு வரவழைத்து, அறையில் இருந்த அத்தனை பேரையும் இரண்டே வரிகளில் தன் பக்கம் திருப்பினார். அது தினக்கூலிக்குப் பாடிய வருஷங்கள் கொடுத்தது.

இன்றைக்கும் ஏதோ ஒரு பள்ளியில் கட்டைக் குரல்காரி ஒருத்தி ஓரமாக நிற்க வைக்கப்பட்டிருப்பாள். ஒன்றிரண்டு ரியாலிட்டி ஷோ சுற்றுகளில் அவள் ஜெயிக்கவும் கூடும். அதற்கு அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, இந்தச் சென்னையில், சம்பளத்தோடு அவள் போய்ப் பாட எந்த இடம் இருக்கிறது? தெரிந்தவர்கள் முகவரி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.